பழைய பதினான்காம் குழி

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு வினுஷா அந்த வரியை வாசித்தாள். வாசித்தவள் நம்பவில்லை. எதையும் மூன்று தடவை பார்க்காமல் அவள் நம்புவதில்லை. அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மெல்பேணுக்குத் தெற்கே, கடலோர மணல்மேடுகளில் விரிந்து கிடக்கும் கோர்ஸ் பே கோல்ஃப் மைதானத்தில் அவளுக்கு அலுவலக வேலை. இன்னும் ஆறு வாரத்தில் அங்கே மாநில சாம்பியன்ஷிப். அதற்காக மைதானத்தின் நூறு வருட வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதும் பொறுப்பும் அவளிடம்தான் வந்தது. கிளேட்டனில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் பழைய ஆவணங்களை வாசிக்கும் வகுப்புக்குப் போகிறாள் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.

புதன்கிழமை ஒரு தகரப் பெட்டிக்குள் 1943ஆம் ஆண்டு ராணுவ வரைபடம் அகப்பட்டது. போர்க்காலத்தில் மைதானம் ராணுவத்தின் கையில் இருந்திருக்கிறது. பதினான்காம் குழிக்குப் பக்கத்தில் மூன்று சிவப்புப் பெருக்கல் குறிகள். கீழே சின்ன எழுத்தில்: மோட்டார் குண்டுப் பயிற்சி, வெடிக்காதவை மூன்று.

மறுநாள் காலையில் அதே பதினான்காம் குழியின் மணல் பள்ளத்தை ஆழப்படுத்தத் தோண்டப் போகிறவன் அவளுடைய அண்ணன் பிரஷாந்தன். மண் தோண்டும் இயந்திரமான டிகரை ஓட்டுபவன். வினுஷா வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு பராமரிப்பு மேலாளர் ராகவேந்திராவிடம் ஓடினாள். கோயம்புத்தூர்க்காரர், நிதானமானவர். இரண்டு தடவை பார்த்தார்.

"நல்லவேளை சொன்னம்மா. பதினாலைத் தொட வேணாம், போலீசுக்கு எழுதிடறேன். மிஷின் சும்மா நிக்க வேணாம். பிரஷாந்தன் அஞ்சாவதுல ஆரம்பிக்கட்டும்."

அன்றிரவு அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேலி செய்தான். "உன்ர மூண்டு தடவைப் பைத்தியம் எனக்கு உயிர்ப்பிச்சை தந்திட்டுது. நாளைக்கு உனக்கு ஐஸ்கிரீம்." அவளுக்குப் பெருமையாக இருந்தது. பதினான்காம் குழியில் மூன்று குண்டுகள் என்று நோட்டில் நேரத்தோடு எழுதியும் வைத்தாள்.

இப்போது அவள் முன்னால் 1961ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பேடு. அடுத்த அத்தியாயத்துக்காகத் திறந்தது. கடைசிக் குழியை ஆடுகையில் மாலை வெயில் கண்ணில் குத்துகிறதாம். அதனால் பதினெட்டுக் குழிகளில் முதல் ஒன்பதின் எண்களையும் பின் ஒன்பதின் எண்களையும் ஒன்றுக்கொன்று மாற்றுவது என்று தீர்மானித்திருந்தார்கள். பழைய பத்தாவது இனி முதலாவது.

விரலை மடக்கி எண்ணினாள். பத்து, ஒன்று. பதினொன்று, இரண்டு. பன்னிரண்டு, மூன்று. பதின்மூன்று, நான்கு. பதினான்கு...

ஐந்து.

பிழையாக எண்ணியிருக்கலாம். மறுபடி எண்ணினாள். வரைபடத்தில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள். அதைப் புதன்கிழமையே பார்த்திருக்க வேண்டும். இன்று கடல் பக்கத்தில் இருக்கும் குழி ஐந்தாவதுதான். மூன்றாம் தடவை எண்ணத் தொடங்கி, பாதியில் எழுந்தாள். அதற்குள் நாலு நிமிடம் போய்விட்டிருந்தது.

அண்ணனுக்கு போன் எடுத்துப் பயனில்லை. யாரோ விருந்தாளி பந்தைத் தட்டும் நேரத்தில் ஒரு வேலையாளின் போன் அடித்துவிட்டதாம். அன்று முதல் மைதான வேலையாட்களின் போன்கள் கொட்டகைப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். ராகவேந்திரா நகரத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார். எடுக்கவில்லை. "ஐந்தாவதுதான் பழைய பதினாலு, நிறுத்துங்கோ" என்று செய்தி அனுப்பிவிட்டு, கோல்ஃப் வண்டி ஒன்றில் ஏறினாள்.

நாலாவது குழிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி தானாக நின்றுவிட்டது. புல் கெடாமல் இருக்க வண்டிகளுக்கு ஜிபிஎஸ் எல்லை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் வண்டி அசையாது. அவசரத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை. போனை இருக்கையில் விட்டதும் தெரியாமல் குதித்து ஓடினாள். எதிர்க்காற்று வாயில் மணலை அடித்தது.

நாலாவது குழியருகே வயதான உறுப்பினர்கள் மூவர். ஒருவர் பந்தைத் தட்டக் குனிந்திருந்தார். இன்னொருவர் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

வினுஷா நின்றாள்.

மூன்று வருடப் பழக்கம். யாராவது தட்டப் போனால் நிற்கவேண்டும், மூச்சுச் சத்தமும் வரக்கூடாது. கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. பந்து மெல்ல உருண்டது. என்ன செய்துகொண்டு நிற்கிறேன் என்று அவளுக்கு உறைத்தபோது பந்து குழிக்குள் விழுந்து, கிழவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். அவள் அந்தப் புல்லின் நடுவாகவே ஓடினாள். பின்னால் யாரோ திட்டினார்கள்.

மேட்டில் ஏறியதும் டிகர் தெரிந்தது. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் டிகர் தோண்டவில்லை. கை நீட்டியபடி, மண் அள்ளும் பக்கெட்டை ஆள் உயரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. உள்ளே பிரஷாந்தன் அதே மாதிரி அசையாமல் இருந்தான்.

"வினு! அங்கயே நில்! கிட்ட வராத!"

பக்கெட்டின் பல்லில், மணலோடு சேர்ந்து, துருப்பிடித்த ஒன்று சாய்ந்து கிடந்தது. ஒரு முழ நீளம். வால் பக்கத்தில் சின்னச் செட்டைகள். போர் நடந்த வன்னியில் பிறந்து வளர்ந்த இருவருக்கும் அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"எவ்வளவு நேரமா அண்ணா?"

"அரை மணித்தியாலம் இருக்கும். கத்தினனான். காத்து எல்லாத்தையும் கொண்டு போட்டுது."

"இறங்கி வாவன்!"

"ஏலாது. பழைய மிஷின். விட்டா பக்கெட் தானா இறங்கும். கொஞ்சங் கொஞ்சமா இழுத்துப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

"டீசல் இருக்கோ?"

"அதை மட்டும் கேக்காத."

அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"மூண்டு எண்டுதானே சொன்னாய்?" பிரஷாந்தனின் குரல் இறங்கிவிட்டது. "மற்ற ரெண்டும் எங்க?"

வினுஷா காலடியைப் பார்த்தாள். மணல். சுற்றிலும் மணல். மூன்று குறிகளும் எங்கே இருந்தன என்று நினைவுபடுத்தப் பார்த்தாள். மூன்றாவது எங்கே என்று ஞாபகம் வரவில்லை. திரும்பினாள். வந்த தடங்களிலேயே ஒவ்வொரு காலாக வைத்து நடந்தாள்.

"வினு!"

"என்ன?"

"கெதியா."

மேட்டுக்கு அப்பால் கிழவர்கள் கோபத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரிடமாவது போன் இருக்கிறதா என்று கேட்டாள். ஆட்டத்தில் உறுப்பினர்களும் போன் வைத்திருக்கக் கூடாது, அதுதான் விதி என்று முணுமுணுத்தார்கள். வெடிகுண்டு என்றாள். பந்தைத் தட்டியவர் உடனே பையின் அடியில் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த போனை எடுத்துக் கொடுத்தார்.

வெடிகுண்டு நீக்குபவர்கள் வர நாற்பத்தெட்டு நிமிடங்கள் ஆயின. அதுவரை வினுஷா மேட்டில், அண்ணனின் கண்ணில் படும்படி நின்றாள். காற்றில் எஞ்சின் சத்தம் மங்கும்போதெல்லாம் டீசல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள். பக்கெட் ஒரு விரல் இறங்கும். பிறகு ஏறும். பிறகு இறங்கும்.

கவச உடையில் போனவர்கள் பக்கெட்டின் கீழ் மணல் மூட்டைகளையும் கட்டைகளையும் அடுக்கி, அதன் மேல் பக்கெட்டைப் பிரஷாந்தனைக் கொண்டு மயிரிழை மயிரிழையாக இறக்க வைத்தார்கள். பிரஷாந்தன் இறங்கி நடந்து வந்தபோது அவன் வலது கை லீவரைப் பிடித்தபடியே மடங்கியிருந்தது. வினுஷா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

நகரத்திலிருந்து விரைந்து வந்த ராகவேந்திரா மூச்சு வாங்கினார். "உன்னாலதான்மா தப்பிச்சோம்."

"என்னாலதான் சார் இவன் ஐந்தாவதுக்கு வந்தவன்," என்றாள் வினுஷா. "கடல் எந்தப் பக்கம் எண்டு நேற்றே பாத்திருக்கவேணும். பாக்கேல்ல."

பிரஷாந்தன் அவளைத் தேற்றவில்லை. கையை உதறிக்கொண்டே மணல்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலைக்குள் இரண்டாவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெளிச்சம் போகும் வரை தேடியும் மூன்றாவது அகப்படவில்லை. காற்று மேடுகளை எண்பது வருடமாக நகர்த்திக்கொண்டிருக்கிறது, அது எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் கவச உடைக்காரர். ஐந்தாவது குழியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள்.

வினுஷா அலுவலகத்துக்குத் திரும்பி, நோட்டைத் திறந்து, புதன்கிழமை எழுதிய வரியின் மேல் கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: ஐந்தாம் குழி, 1961 வரை பதினான்காவது. மூன்றில் இரண்டு எடுக்கப்பட்டன.

மூன்று தடவை வாசித்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றி, அதிலிருந்த மணலை மெல்ல, மிக மெல்ல, ஒரு காகிதத்தில் கொட்டினாள்.