இலையின் இடப்பாதி

"உப்பு வெக்கலையா, புள்ள?" என்றார் ஆறுமுகசாமி.

இலையின் வலப்பாதி வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது. இடப்பாதியில் உப்பு, ஊறுகாய், பொரியல் யாவும் வைத்தபடியே கிடந்தன. மனைவி வள்ளியாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கவாதத்திற்குப் பிறகு அவர் வீடு திரும்பிய இந்த இரண்டு மாதமும் தினம் இதே வழக்கு.

"கண்ணுக்கு முன்னாலதானுங்க இருக்குது! என்ற சமையலு புடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க!"

சாப்பாடு போகட்டும், வாசிப்புதான் அவளை அரித்தது. வேலந்தாவளத்தை அடுத்த அவர்கள் ஊரில், வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்கு எப்போது என்ற பட்டியலைக் கூட்டத்தில் வாசிப்பவர் அவர். போன வெள்ளிக்கிழமை, "ஆறிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பத்து" என்று நேரங்களை மட்டும் வாசித்தார். பெயர் ஒன்றுகூட வரவில்லை.

"கடியாரத்துக்கா தண்ணி உடறீங்க, மாமா?" என்று ஒருவன் கேட்க, கூட்டமே சிரித்தது. வரும் வெள்ளிக்கிழமையும் இப்படியானால் பொறுப்பு கைமாறிவிடும்.

மகன் பூபதிராஜா அவருக்கு மூன்று கண்ணாடி மாற்றிவிட்டான். பக்கத்து வீட்டுச் சின்னையன், எழுத்தே மறந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். எழுத்தை மறந்தவர் நேரத்தை மட்டும் எப்படிப் பிழையின்றி வாசித்தார்? அதை யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

எரிச்சலில் அவள் இலையை இடவலமாகத் திருப்பிவைத்தாள்.

"இப்பத்தான் வெக்கறயாக்கும்" என்று உப்பைத் தொட்டுக்கொண்டார்.

அவள் கரண்டி அந்தரத்தில் நின்றது. எழுந்துபோய்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பெயர்கள் இடப்பக்கம்; நேரங்கள் வலப்பக்கம்.

மறுநாள் மருத்துவமனையில், பயிற்சி தரும் டின்சி அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கோடுகள் நிறைந்த தாளொன்றைக் கொடுத்து எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னாள். அவர் வலப்பக்கத்துக் கோடுகளை மட்டும் அடித்துவிட்டு, "முடிஞ்சுதுங்க" என்றார்.

"கண்ணு சரியாத்தான் இருக்கு, அம்மா. மூளைதான் இடப்பக்கத்தக் கவனிக்கறதில்ல. அங்க ஒண்ணு இருக்குன்னே அவருக்குத் தோணாது." வள்ளியாத்தாள் கையோடு கொண்டுபோயிருந்த பட்டியலின் இட ஓரத்தில் சிவப்புப் பட்டையொன்றை ஒட்டினாள். "ஒவ்வொரு வரியிலும் சிவப்பத் தேடிக் கண்டுபிடிச்ச பின்னாடிதான் வாசிக்கணும்."

வெள்ளிக்கிழமை. "ஆறிலிருந்து..." என்று தொடங்கியதும் வள்ளியாத்தாள் உரக்கச் செருமினாள். அவர் விரல் தாளின்மேல் ஊர்ந்து ஊர்ந்து சிவப்பைத் தொட்டது.

"சிவப்பிரகாஷ். ஆறிலிருந்து எட்டு."

ஐந்து நிமிட வேலைக்கு அரைமணி நேரமாயிற்று. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பட்டியலைக் கைநீட்டி வாங்கவும் இல்லை.

வீடு திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "எல்லாஞ் செரி. அன்னிக்கு நீ உப்பு வெக்காதது வெக்காததுதான்."

மறுநாள் வள்ளியாத்தாள் இலையின் இட ஓரத்தில் சிவந்த மிளகாய் வற்றல் ஒன்றை வைத்துவிட்டு, அதன் பிறகே உப்பை வைத்தாள்.