சொல்லிவிட்டு மூடுகிற இடம்

“அந்த பிளக்கைப் புடுங்கினது யாரு?”

“நான்தான்யா புடுங்கினேன். இப்ப இன்னான்றே? பொணம் நாறணுமா, உன் பொட்டி ஓடணுமா?”

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ்கள் நிற்கிற முனையிலிருந்து இரண்டு தெரு தள்ளி முரளியின் வீடு. ஃப்ரீசர் பெட்டியை இறக்கிய கையோடு கூடத்தில் ஆரம்பித்த சண்டை இது. கேட்டவன் ஆசீர்வாதம், முரளியோடு ஒரே கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. பதில் சொன்னவர் சந்திரமோகன், முரளிக்குச் சித்தப்பா. பழவேற்காட்டு ஏரியோரம் அவர்கள் குப்பத்தில் எந்தப் பஞ்சாயத்து கூடினாலும் முதலில் துண்டை விரித்து உட்காருகிறவர். கரண்ட் போயிருந்த நேரம்; வீட்டில் இன்வெர்டர் லைனில் இருந்தது ஒரே ஒரு பாயிண்ட். இத்தனை நாளும் அதில் முரளியின் கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓடியது. இப்போது அதில் முரளி.

முரளியின் பெண்டாட்டி கவிப்பிரியா ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் பக்கவாட்டில் எரிந்த சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறியது, இறங்கியது. காலையில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டான் என்று சொன்னார்கள். அழாத பெண்சாதி என்று தெரு அதற்குள் முடிவு கட்டிவிட்டது. எதிர்வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லிக்கொள்ளக் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதென்று குப்பம் முழுவதற்கும் தெரியும். ஏரியில் இறால் அள்ளுகிற இடமும் உண்டு, வெறும் சேறு அள்ளுகிற இடமும் உண்டு. எந்த வீட்டு வலை எந்த நாள் எங்கே விழலாம் என்பதற்குப் பாடு என்று ஒரு முறை. அதைப் பெரிய தலைகள் வாயால் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நல்ல இடம் சில வீடுகளுக்கு மட்டும் எப்படியோ அடிக்கடி சுற்றி வந்தது. முரளி அதற்கு ஒரு மென்பொருள் எழுதினான். ‘முறை’ என்று பெயர் வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், காசில்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் விட அதை எடுத்தார்கள். எங்கேயோ ஒரு ஊரில் தேர்வடம் பிடிக்கிற வரிசைக்கு எடுத்தார்கள். அது வந்த நாளிலிருந்து சந்திரமோகன் வீட்டு வலையும் மற்றவர்களைப் போலச் சேறு அள்ளப் பழகியது.

முன்பு அது இருந்த இணையதளம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிப்போனது. முரளி பதறிப்போய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து இந்தக் கம்ப்யூட்டரில் வைத்தான், நல்ல இடமாகப் பார்க்கும் வரை என்று. பார்த்தான், பார்த்தான், வருஷம் ஒன்று போய்விட்டது. பெண்டாட்டியை ஒரே சாயங்காலத்தில் காப்பி ஆறுவதற்குள் பிடித்திருக்கிறது என்று சொன்ன மனுஷன்தான்.

சந்திரமோகன் கூடத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கிறாற்போலச் சொன்னார்.

“கொள்ளி வெக்கிறது என் புள்ள வெங்கடேசன். கொள்ளி வெக்கிறவனுக்குத்தான் செத்தவன் வெச்சது. பாடு பொட்டியைச் சாய்ந்தரம் ஊருக்கு எடுத்துக்கினு போறோம். இன்னாம்மா, சர்தானே?”

முரளியின் அம்மா செங்கம்மாள் மருமகளைப் பார்த்தாள். பிள்ளை இல்லாதவன், வேறு பங்காளியும் இல்லை. கவிப்பிரியா முடியாது என்றால் வெங்கடேசன் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவான், பெட்டியில் கிடப்பவன் அப்படியே கிடப்பான். சரி என்றால் யார் வலை எங்கே விழும் என்பது நாளையிலிருந்து சந்திரமோகன் வாயில். கவிப்பிரியா தலையை அசைத்தாள். சரி என்றா, கழுத்து வலித்தா என்று யாருக்கும் புரியவில்லை. சந்திரமோகன் சரி என்றே எடுத்துக்கொண்டு பந்தல்காரனைத் திட்டப் போனார்.

ஆசீர்வாதம் அவளருகே குத்திட்டு உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் போவதற்குள் உள்ளே இருப்பதை எல்லாம் இணையத்தில் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும், அவள் வாய்வார்த்தையும் வேண்டும் என்றான். பக்கத்துவீட்டு கங்கம்மா தன் இன்வெர்டரிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை விட்டாள். வயரோடு காதையும் விட்டாள். கம்ப்யூட்டரைச் சமையலறைக்குத் தூக்கிப்போய், எரியாத அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான் ஆசீர்வாதம்.

“நாலு எடம் பாத்து வெச்சிருந்தான், சிஸ்டர். ஒண்ணு பெரிய கம்பெனி, உலகமே அங்கதான் கீது. ஒண்ணு வெளிநாட்டுல ஒரு சங்கம், சும்மா ஆர்வத்துல நடத்துறாங்க. ஒரு காலேஜ்ல எடம் தரேன்றாங்க. இன்னொண்ணு நாமே வாடகைக்கு எடுக்கிறது.”

“அவருக்கு எது புடிச்சிருந்துச்சு?”

“எல்லாத்துலயும் ஒரு நொட்டை சொன்னான். பெரிய கம்பெனி நாளைக்கு மனசு மாறுவான். சங்கம் லேட்டாதான் பதில் போடுவான். காலேஜ்ல ப்ரின்சிபால் மாறினா போச்சு.”

“அப்ப இன்னாத்துக்கு ஒரு வருஷம்?”

கூடத்தில் யாரோ புதிதாக வந்து, ராசாவே என்று ஒப்பாரியை முதலிலிருந்து எடுத்தார்கள். கவிப்பிரியா அடுப்பு மேடையில் ஒட்டியிருந்த பால் கறையை நகத்தால் சுரண்டினாள்.

“இதுல சொல்லிட்டு மூடுற எடம் எது?”

“இன்னா சிஸ்டர்?”

“மூடறதுன்னா மூடட்டும். எல்லாரும் ஒரு நாள் மூடத்தான் போறாங்க. முன்னாடியே சொல்லிட்டு மூடுறவங்க யாரு?”

அவன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். “அந்தச் சங்கம். மூடறதா இருந்தா ஆறு மாசம் முன்னாடியே எல்லாருக்கும் சொல்லிடுவோம்னு போட்டு வெச்சிருக்காங்க.”

“அங்க வை.”

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அவன் தட்டினான். சற்றுப் பொறுத்து, உங்கள் போனுக்கு ஓடிபி வந்திருக்கும் என்றான். ஏன் என் போனுக்கு என்று கேட்டாள். ‘முறை’யின் கணக்குக்கு இரண்டாவது ஆளாக முரளி அவள் எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தான். எப்போது என்று அவள் கேட்கவில்லை. இரங்கல் அழைப்புகளுக்கு நடுவே தேடி எடுத்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒப்பாரிச் சத்தத்தில் அவனுக்கு விழவில்லை. இரண்டாம் தடவை உரக்கப் படித்தாள்.

ஜன்னலில் நின்ற கங்கம்மாவுக்கு அது போதும். பொழுது சாய்வதற்குள், புருஷன் ஐஸ் பெட்டியில் கிடக்கும்போதே பொம்பளை பேங்கு வேலையை முடித்துவிட்டாள் என்று தெருமுனை வரை போய்விட்டது. கவிப்பிரியாவுக்கும் அது எட்டியது. மறுக்கத் தோன்றவில்லை. கூடத்துக்குப் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

வெங்கடேசன் கொள்ளி வைத்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்து குளித்ததும் சந்திரமோகன் கம்ப்யூட்டரைத் தாமே ஆட்டோவில் ஏற்றி, மடியில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஊர் போனார். அது குப்பத்தில் சாமி அலமாரிக்குக் கீழே பட்டுத்துணி போட்டு அமர்ந்தது. அடுத்த பாடு வழக்கம்போல எல்லார் போனிலும் வந்தது. அவர் வீட்டுக்குச் சேறு. லைன் சரியாகக் கொடுக்கவில்லை என்று இரண்டு எலக்ட்ரீஷியன்களை அழைத்துப் பார்த்தார்.

தை பிறந்ததும் வெங்கடேசனுக்குப் பொன்னேரியில் பெண் எடுத்தார்கள், கம்ப்யூட்டர் படித்த பெண். வந்த வாரமே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இதுல ஒண்ணுமே இல்லியே மாமா என்றாளாம். அன்றிலிருந்து மாமனாருக்கும் மருமகளுக்கும் பேச்சில்லை. ஆசீர்வாதத்தைத் தேர்வாய் கண்டிகை யூனிட்டுக்கு மாற்றினார்கள், குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டான். செங்கம்மாள் குப்பத்துக்கே திரும்பினாள்.

கவிப்பிரியா சோழவரத்தில் மாடி போர்ஷன் ஒன்று பார்த்துக்கொண்டு போனாள். சாமான் ஏற்றுகிற அன்று கங்கம்மா விடவில்லை, அங்கே என்ன வசதி என்று துருவினாள். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்றாள் கவிப்பிரியா.

“ஏரில தண்ணி கீதா?”

“பாக்கல.”

வண்டிக்காரன் கதவைச் சாத்தினான்.