மினுங்கிய மஞ்சள் விளக்கு

ஒப்ராத் விளக்குமாற்றால் வண்டியின் கூரையிலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஸ்தானா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். சிறுநீரகம் இரண்டும் செத்துப்போனவள். வாரத்தில் மூன்று நாள் மலை தாண்டி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் அவளுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று உண்டு. கால்கள் நேற்றே வீங்கிவிட்டன. புருஷனின் ரப்பர் பூட்ஸ்தான் நுழைந்தது.

வேலிக்கு வெளியே பழைய ஜீப்பில் சாய்ந்து, அவள் தம்பி வுக்சான் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அத்தான், டயரைப் பாத்தேன். உங்க மொட்டை மண்டையிலகூட அதவிட அதிகமா முடி இருக்கு. அதுவும் கோடைக்குப் போட்ட டயரு. அக்காவ என் வண்டியில ஏத்துங்க.”

“உன் தகர டப்பாவுலயா? ஹீட்டர் கிடையாது, கதவக் கயித்தால கட்டி வச்சிருக்க. இது ஜெர்மனி வண்டிடா. டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டன் இருக்கு. சக்கரம் வழுக்கிச் சுத்துனா அதுவே அடக்கிரும். பனி டயரெல்லாம் உன்ன மாதிரி ஆளுக்குத்தான்.”

“பட்டன நம்பி ஓட்டுறவன் எல்லாம் ஆம்பளையா? பொம்பளைங்களுக்காகச் செஞ்சது அது.”

“ஏறப்போறவ பொம்பளதானே? அப்ப சரியா இருக்கு,” என்றாள் ஸ்தானா. “ரெண்டு பேரும் குரைச்சது போதும். எனக்கு மூச்சு முட்டுது. வண்டிய எடுங்க.”

ஒப்ராத்திடம் டயர் வாங்கக் காசு இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் பல வருஷம் சிமெண்ட் மூட்டை தூக்கிச் சேர்த்த காசு இருந்தது. முதல் பனி விழுந்த வாரம் டயர் மாற்றத்தான் நினைத்தான். அன்று சாராயக்கடையில் ஊரே உட்கார்ந்திருக்க, “எங்க அத்தானுக்கு மலை மறந்துபோச்சு, டயர் மாத்தக்கூட நான்தான் சொல்லித்தரணும்” என்றான் வுக்சான். கடை சிரித்தது. மச்சான் சொல்லி நான் மாற்றுவதா என்று அதோடு விட்டுவிட்டான். ஒரு நோயாளியின் உயிர் அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டது.

வண்டி மேட்டில் வழுக்காமல் ஏறியது. டேஷ்போர்டில் சின்ன மஞ்சள் விளக்கு மினுங்கிக்கொண்டே வந்தது. பின்னால் வந்த ஜீப் வளைவுக்கு வளைவு வாலை ஆட்டிக்கொண்டு, சக்கரத்தால் பனியை வாரி இறைத்தது. கண்ணாடியில் அதைப் பார்த்து ஒப்ராத் தொடையில் தட்டிச் சிரித்தான்.

“பாத்தியா உன் தம்பி ஆடுற ஆட்டத்த? நம்ம வண்டி எப்படிப் போகுது பாரு!”

“அந்த விளக்கு ஏன்யா விடாம மினுக்குது?”

“வேலை செய்யுதுன்னு அர்த்தம். பேசாம வா.”

உச்சியைத் தாண்டி இறக்கம் வந்தது. ஏறிய வேகத்திலேயே இறங்கினான். கீழ் வளைவின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. போன குளிர்காலத்தில் அங்கே வண்டி வழுக்கிச் செத்த பையனின் முகத்தை அதில் செதுக்கியிருக்கிறார்கள். அவன் கூட்டாளிகள் வைத்த சாராயக் குப்பி அடியில் உறைந்து கிடக்கும். அதற்கப்பால் ஆறு. கல் கண்ணில் பட்டதும் ஒப்ராத் பிரேக்கை மிதித்தான். காலுக்கடியில் மிதி கடகடவென்று நடுங்கியதே தவிர, வண்டி நிற்கவில்லை. ஈரக் கையிலிருந்து நழுவும் சோப்பைப் போல நேராகப் போய், கல்லுக்கு ஒரு முழம் முன்னால் பனிக் குவியலில் புதைந்தது. ஸ்தானாவின் நெற்றி கதவுக் கண்ணாடியில் இடித்தது.

வுக்சான் ஜீப்பை மெதுவாக இறக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். சிரித்துக்கொண்டேதான் இறங்கினான்.

“என்ன அத்தான், ஜெர்மனிக்காரன் தூங்கிட்டானா? கயிறு போட்டு இழுக்கவா?”

“உன் கயிற உன் கழுத்துல மாட்டிக்க. நானே எடுப்பேன்.”

ஒப்ராத் பின் கியர் போட்டு மிதித்தான். எஞ்சின் முனகியது. சக்கரம் அசையவே இல்லை.

“அந்தப் பட்டன அணைச்சுத் தொலைங்க! வழுக்குதுன்னு அதுதான் சக்கரத்த அமுக்குது. புதைஞ்ச வண்டி வெளிய வரணும்னா சக்கரம் கொஞ்சம் சுத்தணும்!”

“நீ எனக்குச் சொல்லித்தர்றியா?”

“நான் சொல்லாம செத்தவனா எழுந்து வந்து சொல்லுவான்?”

“நாயே, என் வண்டியில கை வைக்காத!”

கல்லில் இருந்த பையன் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை. ஸ்தானாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் எட்டி, தன் விரலாலேயே பட்டனை அழுத்தினாள்.

“வுக்சான், சாம்பலப் போடு. யோவ், நீ மிதி. சண்டைய என் சாவு வீட்டுல வச்சுக்கங்க.”

பனியில் மாட்டினால் உதவுமென்று ஜீப்பில் வாளி நிறைய வைத்திருந்த அடுப்புச் சாம்பலை வுக்சான் சக்கரத்தடியில் கொட்டினான். சக்கரம் சீறிச் சுழன்று, பிடிமானம் கிடைத்ததும் வண்டி வெளியே வந்தது. ஸ்தானா இறங்கி நேராக ஜீப்புக்கு நடந்தாள். ஒப்ராத் தன் வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டு, தலை குனிந்து அவள் பின்னால் போய் ஏறினான்.

“இப்பவாவது புரிஞ்சுதா? நான் அப்பவே...” என்று ஆரம்பித்தான் வுக்சான்.

“நீ வாயத் திறந்தா நான் நடந்தே போயிருவேன். நான் அடிபட்டுக் கெடக்கேன், நீ சிரிச்சுக்கிட்டே இறங்குனியே. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

ஆஸ்பத்திரியில் அவள் முறை தவறிப்போயிருந்தது. இன்னொரு மெஷின் காலியாகும்வரை தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொல்லன் துருத்தி போல நெஞ்சு ஏறி இறங்கியது. ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்ற அந்த இருவரும் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் அவர்களுக்குக் கொடுத்திருக்க முடியாது.

அடுத்த முறை கிளம்பும்போது ஒப்ராத்தின் வண்டியில் நான்கும் புதுப் பனி டயர். ஸ்தானா சிரமப்பட்டுக் குனிந்து, டயரின் பள்ளம் போதிய ஆழமா என்று ஒரு யூரோ நாணயத்தை அதில் செருகிப் பார்த்தாள். விளிம்பு நன்றாக உள்ளே போனது.

“இப்ப ஏறலாம்.”

“அப்போ அந்தப் பட்டன் தண்டம்தானா?” என்றான் ஒப்ராத் கடுப்போடு. வுக்சான் இளித்தான்.

“யாரு சொன்னா?” என்றாள் ஸ்தானா. “நல்ல சாமான்தான். அது இல்லன்னா இவன மாதிரி வாலாட்டிக்கிட்டுத்தான் மேட்டுல ஏறணும். ஆனா அது ஏத்தித்தான் விடும், நிறுத்தாது. நிறுத்துறது டயரும், உன் காலு குறைக்கிற வேகமும். அன்னைக்கு அந்த விளக்கு வழி நெடுக ‘கீழ ஐஸு, கீழ ஐஸு’ன்னு கத்துச்சு. நீ என்னமோ உனக்குக் கை தட்டுறதா நெனச்ச.”

தம்பி பக்கம் திரும்பினாள்.

“நீ இளிக்காத. டயர் மாத்தச் சொல்ல உனக்குக் கடை நெறையக் கூட்டம் வேண்டியிருந்துச்சு. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா உங்க அத்தான் அன்னைக்கே மாத்தியிருப்பாரு. ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. வீம்புக்கு ஓட்டுறவன் கையில எந்தக் கருவி இருந்தாலும், பக்கத்துல உக்காந்திருக்கிற உசுருக்குக் காவல் கிடையாது.”

சாம்பல் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வுக்சான் பின்சீட்டில் உட்கார்ந்தான்.

உச்சிக்கு முன் வளைவில் மஞ்சள் விளக்கு ஒருமுறை மினுங்கியது. ஒப்ராத் உடனே காலைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தான். பின்னாலிருந்து வுக்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“சாம்பல் கொட்டாமப் பாரு,” என்றாள் ஸ்தானா, திரும்பாமலே.