வீட்டுக்கு வராத வயர்

அம்மாவின் முகம் திரையில் வரும் இடத்தில் எப்போதும் ஒரு சாய்ந்த கோடு குறுக்கே ஓடும். டீவிக்குப் பின்னால் கையை விட்டு அந்த மஞ்சள் வயரைச் சற்று நெரித்துப் பிடித்தால் கோடு மறையும். ஆனால் அங்கே நின்றபடி என்னால் திரையைப் பார்க்க முடியாது. கையை எடுத்துவிட்டு முன்னால் ஓடிவந்தால் மறுபடியும் கோடு. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் மாடி வீட்டில், இரண்டாயிரத்து ஏழில், நான் இப்படித்தான் டீவிக்கு முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டிருந்தேன்.

அம்மா கிளிநொச்சியில் காய்ச்சலில் இறந்துபோனார் என்று சித்தி தொலைபேசியில் சொன்னார். போரால் வன்னிக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. போக அனுமதிக்கும் பாஸ் எனக்குக் கிடைக்குமுன்பே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது; நான் போகவில்லை. வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் செத்தவீட்டை வீடியோ எடுப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்த காலம் அது. சித்தி அதைச் சீடியில் ஒரு பிரதி எடுத்து, வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்த ஒருவரின் மருந்துப் பைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். எல்லாமே மங்கல். அம்மாவின் சேலைச் சிவப்பு சேலையை விட்டு வழிந்து, சுற்றி நின்றவர்களின் முகங்களில் அப்பியிருந்தது. மொட்டைத் தலையும் ஈர வேட்டியும் தோளில் குடமுமாகச் சுற்றிவந்த தம்பி கேதீஸின் முகம் வெறும் வெள்ளைப் புள்ளி. தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். எலும்பு தெரிய அவன் மெலிந்துபோயிருந்ததைப் பார்த்து, அம்மாவுக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன். எப்படியாவது அவனைக் கொழும்புக்கு எடுப்பித்துவிட வேண்டும் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் சித்தி அழைக்கும்போதெல்லாம் அவன் வயலில் நிற்பான், அல்லது விறகுக்குப் போயிருப்பான்.

"உன்னோட கதைச்சா அழுதிடுவானாம் பிள்ளை. கொஞ்சம் விடு அவனை," என்பார் சித்தி.

என் கணவர் சிவமணி, காலி வீதியில் ஹாஷிம் நானாவின் கடையில் ஹோம் தியேட்டர் பூட்டுபவர். பணக்காரர் வீடுகளின் சுவருக்குள்ளால், பாம்புபோலத் தடித்த, தங்கமுலாம் பூசிய முனைகள் கொண்ட கேபிள்களை இழுத்து, பெரிய திரைகளில் படம் வரவைப்பார். "வயர் சரியில்லாட்டி எவ்வளவு பெரிய டீவியும் கண்ணில பூ விழுந்த மாதிரித்தான்," என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். எங்கள் டீவியும் சோடையில்லை. கனடாவுக்குப் போன வீட்டுக்காரர் விட்டுப்போனது. நல்ல வயர் ஒன்று மட்டும்தான் இல்லை.

"இண்டைக்காவது கொண்டு வந்தனீங்களோ?"

"மறந்துபோனன்."

"நேற்றும் மறந்தனீங்கள்."

"சோதனைச் சாவடியில வயரோட ஒரு தமிழன் பிடிபட்டா, குண்டுக்கில்லை, டீவிக்கெண்டு சொல்ல விடுவாங்களே, பத்மா?"

"கடைப்பேர் போட்ட வாகனத்திலதானே வாறீங்கள்! ஊருக்கெல்லாம் படம் காட்டுற மனிசன், சொந்த வீட்டில நிழல்கூத்து."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த சீடியைச் சும்மா போட்டுப் போட்டுப் பார்க்காதேயும். தேய்ஞ்சு போகும்," என்றார். சீடி தேயாது என்று எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான்.

அவர் வத்தளையில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் நானே கடைக்குப் போனேன்.

"வாங்க தங்கச்சி. சிவமணி இல்லியே," என்றார் ஹாஷிம் நானா.

"எனக்கு அவர் வேண்டாம் நானா. டீவி வயர்தான் வேணும்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இது நல்ல கூத்து! ஒங்கட மாப்புள ஊட்டுல குமிச்சி வெச்சீப்பாருண்டுல்ல நான் நெனச்சேன்." அலுமாரியிலிருந்து பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தலைகள் கொண்ட தடித்த கேபிள் ஒன்றை எடுத்தார். "சல்லிக் கதய உடுங்க. உம்மாட மௌத்துப் படம் பாக்கத்தானே? இங்கயே வந்து பாத்தீக்கலாம். அவரும் இங்கதானே பாத்தாரு."

"ஆர்?"

"சிவமணிதான். சீடி வந்த கெழமயே. நான் தொழுவப் போன நேரம் அந்தப் பெரிய டீவியில போட்டீக்காரு. திரும்பி வாரன், டீவி ஓஃப். மனுசன் பெட்டிக்கு மேல குந்திக்கிட்டீக்காரு, மொகம் செத்துப் பெய்த்து. மாமி மேல இவ்வளோ பாசமாண்டு நெனச்சன்."

கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். நடந்தேனா ஓடினேனா தெரியாது. காய்ச்சல் என்று சொன்னது பொய். ஷெல் விழுந்திருக்கும். அம்மாவின் நெற்றியில் ஏதோ காயம் இருக்கிறது, அதை அந்தச் சாய்ந்த கோடு மறைத்திருக்கிறது. அவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஒழுங்கை முனைச் சாவடியில் பொலிஸ்காரி பையைத் திறந்து கேபிளைத் தூக்கிப் பிடித்தாள். "மே மொனவத?" இது என்ன என்றாள்.

"டீவீ வயர், நோனா."

மூன்று தலைகளையும் விரலால் தட்டிப் பார்த்தவள், படம் நன்றாகத் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "தாம பெலுவே நே," இன்னும் பார்க்கவில்லை என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, உடனே பையைத் தந்து போகச் சொன்னாள்.

பச்சையைப் பச்சையில், நீலத்தை நீலத்தில், சிவப்பைச் சிவப்பில் செருகினேன். கோடு இல்லை. அம்மாவின் சேலை அதன் கரைக்குள் நின்றது. தாடையைச் சுற்றிய நாடிக்கட்டின் முடிச்சு, காதோரத்தில் வழித்தெடுக்காத சந்தனம், புருவத்துக்கு மேலிருந்த சின்ன மச்சம். காயம் ஏதும் இல்லை. உண்மையிலேயே காய்ச்சலில் வற்றிய முகம்தான். எவ்வளவோ நாளுக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது. இதற்காகவா இந்த மனிசன் இப்படிச் செய்தார் என்று கோபம்கூட வந்தது. அழுதுகொண்டும் ஆறுதலோடும் சுடலைவரை பார்த்துக்கொண்டு போனேன். குடத்தில் கத்தி கொத்தியது. தண்ணீர் பீறிட்டு முதுகில் வழிய, மொட்டைத் தலை கமராவின் பக்கம் திரும்பியது.

நான் படத்தை நிறுத்தினேன்.

படிகளில் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஹாஷிம் நானா அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சிவமணி வாசலில் நின்று, முதலில் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

"இது ஆர்?" என்றேன்.

"சித்தப்பாவின்ர மூத்தவன்."

"கேதீஸ் எங்க?"

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "கொம்மா சாகிறதுக்கு ஒரு மாசம் முன்னமே இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினமாம். சித்திதான் உமக்குச் சொல்ல வேண்டாமெண்டவ. எப்பிடியும் விட்டிடுவினம், வந்திடுவான் எண்டு…"

"வந்திட்டானோ?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

நான் ரிமோட்டை எடுத்துப் படத்தைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனேன். தாய் செத்ததென்றால் ஒரு மணித்தியாலத்துக்காவது விட்டிருப்பார்கள் என்று தோன்றியது. பந்தல், கதிரைகள், வேலியோரம் நின்றவர்கள் என்று ஒவ்வொரு முகமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பின்னாளில் எத்தனையோ படங்களில் அவனை இப்படித் தேடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது தொடங்கியது. சிறிது நேரத்தில் சிவமணியும் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இதில கொஞ்சம் நிப்பாட்டும்," என்றார். திரையின் இடது ஓரத்தில், வேலிப் படலைக்கு வெளியே, நீலச் சட்டை போட்ட ஒரு தோளும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. அந்தத் தோள் உள்ளே வரத் திரும்புவதுபோல் இருந்தது. படத்தை ஓடவிட்டேன். கமரா மறுபக்கம் திரும்பி, பாடை கட்டிக்கொண்டிருந்த ஆட்களைக் காட்டியது. பின்னுக்கு இழுத்தேன். நீலத் தோள். மீண்டும் ஓடவிட்டேன்.