பனிக்குடத்துத் தண்ணீர்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும், போக இடம் எங்கே இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தான். மறைவுக்கு ஒரு முள்செடி கிடையாது. ஆம்பளைகளுக்கு என்ன, திரும்பி நின்றால் முடிந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் கொளஞ்சி வரப்பில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தபோது மாமியார் சுலோசனா சொன்னாள், "நாக்க மட்டும் நனைச்சுக்க. வயித்துல இறக்காத."

கொளஞ்சி அப்படியே பழகிக்கொண்டாள். வருஷங்கள் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி வயிற்றில் ஒன்று தங்கியபோதும் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் மட்டும் போகவில்லை.

ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்த பெண் திரையையே வெகுநேரம் பார்த்தாள். குழந்தையைச் சுற்றித் தண்ணீரே இல்லை, அதனால் படம் தெளிவாக விழவில்லை என்றாள். "நல்லா தண்ணி குடிங்க. ஒரு வாரம் கழிச்சு பாண்டிச்சேரில பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அவ்வளவு வெயிலில் நின்றுகொண்டு ஒரு வாய் தண்ணீர் இறக்காமல், பிள்ளைக்கு வேண்டியதைத் தானே வற்ற வைத்துவிட்டதாகக் கொளஞ்சி நினைத்தாள். பாத்தியில் தண்ணீர் வற்றுவதைத் தினமும் பார்க்கிறவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? பஸ்ஸை விட்டு இறங்கும்போது சுலோசனா, "நாந்தான்டி உன்னைக் குடிக்க வேணாம்னேன்" என்றாள். ஆமாம், நீதான் என்று கத்த வேண்டும்போல் கொளஞ்சிக்கு ஆத்திரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆனால் தண்ணீர்தானே. குடித்தால் ஊறிவிடாதா?

வீட்டில் கிடந்தால் நினைப்பே ஆளைத் தின்றுவிடும் என்று மறுநாளே அளத்துக்குப் போனாள். தலைச்சுமை வேண்டாம் என்று சாக்கு தைக்க உட்கார்ந்தாள். புருஷன் சிலம்பரசன் கேனில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். சொம்பு சொம்பாகக் குடித்தாள். குமட்டியது, அப்படியும் குடித்தாள். அடிக்கடி வரப்போரம் ஒதுங்கினாள். அப்போதெல்லாம் சுலோசனா முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி முன்னால் நிற்பாள்.

மேஸ்திரி மாயவன் ஒரு நாள் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டான். "ஏம்மா, வேலைக்கு வந்தீங்களா, ஒண்ணுக்குப் போக வந்தீங்களா?"

"உள்ள இருக்கிறது தண்ணி கேக்குதுய்யா. நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றாள் சுலோசனா. மாயவன் திரும்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வயிற்றுக்குள் ஏதோ புரண்ட மாதிரி இருந்தது. "அத்த, தண்ணி ஏறுது போல" என்றாள் கொளஞ்சி. ஸ்கேனுக்குப் பிறகு இருவரும் சிரித்தது அப்போதுதான்.

பாண்டிச்சேரியில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுக்கச் சொன்னார்கள். அடக்குவதற்கு அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? டாக்டரம்மா ரத்தம் ஓடுவதைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டுகிற படம் எடுத்தார். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குழந்தைக்கு ரெண்டு கிட்னியும் உருவாகலைம்மா. அதுக்குப் போற ரத்தக்குழாயே இல்ல."

"தண்ணி குடிச்சேங்க. ஒரு வாரமா குடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

"நாலு மாசத்துக்கு மேல பனிக்குடத்துல நிக்கிறது பெரும்பாலும் குழந்தை பெய்யிற மூத்திரம்தான். அதையே குடிக்கும், மறுபடி பெய்யும். கரு உண்டான அஞ்சாவது வாரம், ஒரு குழாய்லேர்ந்து சின்ன மொட்டு கிளம்பிப் பக்கத்துச் சதையைப் போய்த் தொடணும். தொட்டாத்தான் அது கிட்னியா வளரும். இதுக்கு ரெண்டு பக்கமும் சரியா நடக்கல. தண்ணி இல்லாததால நுரையீரலும் வளராது. பொறந்தா மூச்சு விட முடியாதும்மா."

சுலோசனா முன்னால் வந்தாள். "நாந்தாங்க இவளைத் தண்ணி குடிக்க விடாம..."

"உங்க தப்பும் இல்ல, அவங்க தப்பும் இல்ல. குடிச்சதுக்கும் குடிக்காததுக்கும் இதுல சம்பந்தமே கிடையாது."

சுலோசனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாரம் இறங்கியவளின் அழுகை அது. கொளஞ்சிக்கு எதுவும் இறங்கவில்லை. தப்பு இருந்திருந்தால் திருத்தியிருப்பாளே. ஒரு வாரமாக அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள். இப்போது அதுவும் இல்லையென்றால் அவள் எதைச் செய்வாள்?

"எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுல பேசிட்டு வாங்கம்மா."

அடக்கி வைத்தது முட்டியது. வராண்டாக் கோடியில் பெண்கள் கழிப்பறை இருந்தது. கதவு, தாழ்ப்பாள், நிறைந்த பக்கெட், எல்லாம் இருந்தது. உட்கார்ந்தாள். பிள்ளைக்கென்று குடித்த தண்ணீரெல்லாம் சத்தத்தோடு போனது. அவளால் பெய்ய முடிந்தது, பிள்ளையால் முடியாது. நிறுத்தப் பார்த்தாள். இத்தனை வருஷம் சொன்னபடி கேட்ட உடம்பு இன்று கேட்கவில்லை. அவள் ஓங்கி அழுதாள்.

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாளை விலக்கினாள். கதவுக்கு வெளியே, போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டே போக, சுலோசனா முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.