போத்தல்களில் ஒரு துளசிவனம்

திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கிய ஒழுங்கையில், மாடிவீடொன்றின் மேல்தளப் பின்னறையிலே சுலோஜனா குடியிருந்தாள். தன்னுடையதென்று சொல்ல அவளுக்கு ஒரு முழ மண்ணும் இல்லை. ஆயினும், தன் கையால் வளர்த்த துளசியையே மார்கழி ஏகாதசியன்று பெருமாளுக்கு மாலையாகச் சாத்துவதாக நேர்ந்திருந்தாள்.

நிலம் மறுத்ததை அவள் உயரத்திலே கண்டாள். வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களின் விலாவை வெட்டி, மண் நிரப்பித் துளசி நட்டு, நடுவே கயிறு கோத்து, ஒன்றன்கீழ் ஒன்றாய் ஒன்பது போத்தல்களைக் கூரை விளிம்பிலிருந்து தொங்கவிட்டாள். உச்சியில் ஊற்றும் நீர் கயிற்றைப் பற்றியபடி ஒவ்வொரு வேரையும் நனைத்து இறங்கும். நான்கு சரங்கள், முப்பத்தாறு செடிகள். அத்தனையும் பிடித்த இடம் ஒரு கதவின் அகலமே. கடற்காற்றுக்கு அறாதிருக்க, சாம்பல்தீவில் மீன்பிடிக்கும் அண்ணன் ஜெயக்காந்தனின் பழைய தோணிக்கயிற்றை வாங்கிக் கட்டியிருந்தாள்.

கார்த்திகை நடுவில் அடிவரிசை இலைகள் ஓரங்கருகின. நீர் போதவில்லையென்றெண்ணி இருவேளை ஊற்றினாள். கருகல் மேலேறியது. ஏகாதசிக்கோ ஐந்து கிழமையே இருந்தது.

துணி காயவிட மாடிக்கு வந்த கீழ்வீட்டு றீற்றா, கயிற்றை முகர்ந்து பார்த்தாள்.

"அக்கா, உங்கட பெருமாளுக்குக் கருவாட்டு மாலையே போடப் போறியள்?"

சிரிக்க வாய்திறந்த சுலோஜனா சட்டெனக் குனிந்தாள். கடைசிப் போத்தலிலிருந்து சொட்டிய துளியை விரலில் ஏந்தி நாவில் வைத்தாள். உப்பு. ஆண்டுக்கணக்காய்க் கடலில் ஊறிய கயிற்றின் உப்பையே அவள் ஊற்றிய நீர் கரைத்துச் சுமந்திருந்தது. தோணிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கயிற்றின் வலிமை தெரிந்திருந்தது. உப்போ, பிறந்தது முதல் பழகியதாகையால், நினைவில் எழவேயில்லை.

அன்றே முப்பத்தாறையும் இறக்கி, வேர்களைக் கிணற்றுநீரில் அலசிப் புதுமண்ணில் வைத்தாள். கயிற்றை நாள்தோறும் நீர் மாற்றி ஊறவைத்து, நாவில் உப்பு அறவே ஒழிந்த பின்னரே மீண்டும் கோத்தாள். பதினொரு செடிகள் மாண்டன. எஞ்சியவை பொறுமையாய்த் துளிர்த்தன.

ஏகாதசியன்று துளசி கிள்ளக்கூடாதாகையால், தசமியன்று காலையே நீராடிக் கிள்ளித் தொடுத்தபோது ஒரு முழமே தேறியது. மூலவரின் மார்புக்கும் அது எட்டாது. கோயிலில் அர்ச்சகரிடம் நாணத்தோடு நீட்டினாள்.

"இவ்வளவுதான் வந்தது, ஐயா."

அர்ச்சகர் அதை அளந்து பார்த்தார். "சின்னவருக்கு இது சரியான அளவு, பிள்ளை" என்று உற்சவருக்கென எடுத்துவைத்தார்.

ஏகாதசி மாலை, சாமி அந்த ஒழுங்கை வழியே எழுந்தருளினார். மலர்களுக்கிடையே ஒரு முழத் துளசி பச்சையாய் ஒளிர்ந்தது. கைகூப்பி நின்ற சுலோஜனாவின் காதருகே, வாசலில் நின்ற றீற்றா மெல்லச் சொன்னாள்:

"எனக்கும் புதினாவுக்கு ரெண்டு சரம் கட்டித் தாங்கோ, அக்கா. கயிறு மட்டும் நான் கடையில வாங்கிறன்."