கால் முளைத்த லேபிள்

“குடையை எதுக்குலே இடுப்புல கட்டியிருக்கா?”

“குடை இல்ல அண்ணாச்சி. பாவாடை.”

“பாவாடைன்னா கீழ தொங்கணும். இது பந்தியில போட்ட இலை கணக்கால்லா விரிஞ்சு நிக்குது?”

“வலைத்துணியை அடுக்கடுக்கா வச்சுத் தச்சிருப்பாவ அண்ணாச்சி. அதான் நிக்குது. டூட்டூன்னு பேரு.”

“பேரைப் பாரு, எட்டயபுரம் பஸ்ஸு ஆரன் அடிச்ச மாதிரி!”

படத்தைப் பார்த்துச் சிரித்தவர் என் பெரியப்பா வன்னியபெருமாள். கரிசல் காட்டில் பருத்தி பொய்த்துப் பொய்த்துச் சலித்துப்போய், கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் தொடங்கியவர். சிரிக்காமல் நின்றவன் ராமசுப்பு. கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன்.

பெரியப்பாவுக்குப் புது லேபிள் வேண்டும். சிங்கம், கோழி, சாவி, கப்பல் என்று எதைத் தொட்டாலும் அது ஏற்கெனவே யாருடைய மார்க்காகவோ இருந்தது. கடைசியாக மயில் வைத்தார். சாத்தூர்க்காரர் ஒருவர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். “பூமியில ஒருத்தனும் வைக்காத படமாக் கொண்டா” என்று ராமசுப்புவிடம் சொல்லிவிட்டார். அவன் என்னிடம் வந்தான். ரஷ்யப் பத்திரிகைத் தாளில் அட்டை போட்ட என் கணக்கு நோட்டைத் தூக்கிக் காட்டினேன். ஒற்றைக் கால் விரல் நுனியில், மற்றக் காலைப் பின்னால் நீட்டி, வெள்ளைத் தாமரை நடுவே நிற்கிற மாதிரி பாலே நடனக்காரி ஒருத்தி அதில் நின்றாள்.

ராமசுப்பு அவளை நீல வானத்துக்கு நடுவே அப்படியே இறக்கிவிட்டான். இந்தப் படம் தேறினால் சிவகாசி அச்சாபீசில் அவனுக்கு லேபிள் ஆர்ட்டிஸ்ட் வேலை; அச்சாபீஸ்காரரே வாக்குக் கொடுத்திருந்தார். தேறாவிட்டால் திங்கட்கிழமை மச்சானோடு குளத்தூர்ப் பக்கம் உப்பளத்துக்கு. சாயங்காலம் அச்சாபீஸ்காரர் வந்து படத்தை வாங்கிப் போவதாக ஏற்பாடு.

பெரியப்பாவுக்குப் படம் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வெயிலுகந்தம்மாள் உள்ளே வந்தாள். ஆபீசில் தீக்குச்சி மருந்து கலக்குவது தவிர மற்ற எல்லாத் தீர்ப்பும் அவளுடையது.

“இதென்ன, இம்புட்டும் காலு? இந்தப் பெட்டியை எவ அடுப்பங்கரையில வைப்பா? முழங்காலுக்கு இறக்கு.”

ராமசுப்பு வெள்ளைச் சாயத்தைத் தொட்டுப் பாவாடையை முழங்காலுக்கு இறக்கினான். எனக்கு வாய் நிற்கவில்லை.

“பெரியம்மா, அதுக்கு ஒரு கதை இருக்கு, அந்தப் பத்திரிகையிலயே படிச்சேன். முந்தி அங்கயும் தரை கூட்டுத பாவாடைதான். பாரிஸ்ல ஒருத்தி, நான் துள்ளுத துள்ளு யாருக்குமே தெரியலையேன்னு கணுக்காலுக்கு மேல வெட்டிட்டா. ஊரே கொதிச்சுப்போச்சு. அப்புறம் மணி மாதிரி வெள்ளைப் பாவாடை, அப்புறம் முழங்கால், அப்புறந்தான் தட்டு மாதிரி இந்த டூட்டூ. ஏறி முடிக்க நூத்தம்பது வருசம் ஆச்சு.”

“இங்க இறங்கி முடிக்க அரை மணி நேரம் போதும். இன்னும் ஒரு சாண் இறக்குலே.”

இறக்கினான். அவன் கண் என்னைக் கெஞ்சியது. பேசு என்கிறானா, பேசாதே என்கிறானா என்று தெரியவில்லை. பேசினேன்.

“அந்தத் துணி பஞ்சு மாதிரி லேசு. மேடையில கேஸ் விளக்குல பட்டுச் சில பேருக்குப் பாவாடை பத்தி எரிஞ்சே போச்சு.”

ராமசுப்பு என் காலை மிதித்தான். பெரியப்பாவோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒரே உரசல்லயா?”

“சும்மா இருங்க, பாவம்” என்றாள் பெரியம்மா.

“பத்தாம இருக்கத் துணியை மருந்துல முக்கிப் பாத்தாவளாம் பெரியப்பா. விறைச்சு, அழுக்கு மஞ்சளா ஆயிட்டாம். ஆடுத பொம்பளையள் உடுத்த மாட்டோம்னுட்டாவ.”

“பாத்தியாட்டி! அவிய பத்தாம இருக்க முக்கியிருக்காவ, நாம பத்த வைக்க முக்குதோம். இது நம்ம பிள்ளைதான்!”

“நம்ம பிள்ளைன்னா நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி உடுத்தணும்” என்று முடித்துவிட்டாள் பெரியம்மா. “பாதம் மறையட்டும்.”

பாவாடை பாதத்தை மூடியது. நீட்டிய காலையும் மூடியது. வானத்தில் கைகளை விரித்துக்கொண்டு ஒரு வெள்ளைத்துணி நின்றது. ராமசுப்பு தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் நின்றான். அவன் முகத்தில் உப்பு வெயில் அப்போதே அடிக்கத் தொடங்கியிருந்தது.

அப்போது பெட்டி ஒட்டுகிற முப்பிடாதி பசை வாங்க வந்தாள். படத்தைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டி தரையில் உருண்டது.

“ஆத்தாடி! பேயி!”

“ஏட்டி, டான்ஸ் ஆடுத பொண்ணுட்டி அது” என்றார் பெரியப்பா.

“காலைக் காணோமே மொதலாளி! வெள்ளை வேற உடுத்தியிருக்கு, அந்தரத்துல வேற நிக்கி. இதைப் பெட்டியில ஒட்டச் சொன்னா நான் நாளையில இருந்து வர மாட்டேன்.”

பெரியப்பா படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். கால் இல்லாதது பேய்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“பெரியம்மா, இந்த வெள்ளைப் பாவாடை முதமுதல்ல வந்ததே ஆவி வேசத்துக்குத்தான்” என்றேன். “ஆனா அந்த ஆவிக்குக்கூடக் கால் தெரியும். இல்லன்னா டிக்கெட் எடுத்தவன் எதைப் பாப்பான்?”

பெரியம்மா மூக்குத்தியைத் திருகினாள். “சரி. பாதத்தை மட்டும் காட்டு.”

ராமசுப்பு ஈரம் காயாத வெள்ளையைச் சுரண்டினான். விரல் நுனி வந்தது, கணுக்கால் வந்தது. முப்பிடாதி போகாமல் நின்று எட்டிப் பார்த்தாள்.

“ஒத்தக் கால்தானே இருக்கு? ஒத்தக்கால் பேயா?”

“இன்னொரு கால் பின்னால நீட்டிருக்கு. உள்ள இருக்கு” என்றான் ராமசுப்பு.

“உள்ள இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?”

“ஏத்து” என்றாள் பெரியம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு. பாவாடை கெண்டைக்காலுக்கு ஏறியது. நீட்டிய காலின் பாதம் மட்டும் துணிக்கு வெளியே முளைத்தது.

“இப்பம் ரெண்டு பேரு இருக்காவ மொதலாளி. ஒருத்தி நிக்கா, ஒருத்தி பின்னால ஒளிஞ்சுக்கிட்டுக் காலை நீட்டுதா.”

பெரியப்பா வாயைப் பொத்திக்கொண்டார். “ஏத்து, ஏத்து” என்று பெரியம்மா பல்லைக் கடித்தாள். முழங்கால் வந்தது. இப்போது அவள் ஒருத்தியாகத்தான் தெரிந்தாள். ஆனால் நனைந்த பாவாடையோடு வாய்க்கால் தாண்டுகிறவள் போல இருந்தாள். பறக்கவில்லை. முப்பிடாதி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பசைக்குச் சட்டியை நீட்டினாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. “அண்ணாச்சி இருக்கீயளா?” என்றார் அச்சாபீஸ்காரர்.

ராமசுப்பு சுரண்டுகிற விரலைப் பாவாடை விளிம்பில் வைத்தபடி பெரியம்மா பக்கம் திரும்பினான்.

“மதினி, இன்னும் நாலே விரக்கடை ஏத்திக்கிடட்டுமா?”